ஏ ஃபோர்ட்டியின் அடிவயிறு

லண்டனில் இருக்கிற என் கணவரின் தம்பி போன கிழமை கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய கார் ஒன்று நான்கு இரும்புக் கைகளின்மேல் ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. சக்கரங்கள் இல்லை. துருவெல்லாம் தேய்த்தெடுத்த அடிப்பக்கம் உரித்த கோழி மாதிரி வெறுமையாக இருந்தது. கீழே எழுதியிருந்தார்: “மச்சாள், இது ஏ ஃபோர்ட்டி. உங்கட அப்பா வெச்சிருந்த அதே கார். பழசைப் புதுசாக்கிறன். அடிக்கு என்ன பூசலாம்? தடிப்பான கறுப்புப் பூச்சா, சுட்டு ஒட்டுற பவுடர்ப் பெயின்ற்றா, மெழுகா? இஞ்ச ஆளுக்கொரு கதை சொல்லுறாங்க.”

என்னிடம் யாரும் இப்படியான கேள்வி கேட்பதில்லை. நான் வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்று வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவள். மகனுக்கு உடம்பு சுட்டால் வெப்பமானியை இரண்டு கக்கத்திலும் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் வெப்பமானி பழுதாகிவிட்டது என்று நினைப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்: “மெழுகு.” அனுப்பிய பிறகுதான் வழக்கம்போல யோசனை வந்தது. எங்கள் உப்புக் காற்றுக்குச் சரிவந்தது லண்டன் மழைக்குச் சரிவருமா? அவர் மூன்று கேள்விக்குறிகளைத் திருப்பி அனுப்பினார். அதற்கு விடை ஒரு சொல்லில் அடங்காது. மகன் நித்திரை. உங்களுக்கும் நேரம் இருந்தால் சொல்கிறேன்.

எங்கள் வீடு தேற்றாத்தீவில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய தெரு. அந்தத் தெருவில் அப்பா கரும்பச்சை நிற ஏ ஃபோர்ட்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். கல்யாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஊரில் அந்தக் காரில் ஏறாத ஆள் குறைவு. கதவைத் திறந்தால் பழைய தோல், பெற்றோல், யாரோ எப்போதோ கொண்டுபோன பழுத்த மாம்பழம் எல்லாம் கலந்து ஒரு மணம் வரும். எங்கேயாவது பழைய தோல் பை ஒன்றைத் திறந்தால், அதில் மாம்பழம் இல்லையே என்று எனக்கு இப்போதும் ஒரு குறை தோன்றும்.

போர்க்காலத்தில் எங்கள் தெருவில் காரின் மேல்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் அடியைத்தான். சோதனைச்சாவடி வந்ததும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோக வேண்டும். காரைத் தனியே நிறுத்திவிட்டு, நீளமான பிடியில் பூட்டிய கண்ணாடி ஒன்றை அடியால் தள்ளுவார்கள். அதற்குச் சின்னச் சில்லுகள் கூட இருந்தன. கண்ணாடி ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வரும்வரை அப்பா மூச்சுவிட மாட்டார். பட்டணத்துக்குப் போய்வருவதற்குள் இது பல தடவை நடக்கும். “ஊர்ல எல்லாற்ற காருக்கும் முகம்தான் அழகு. நம்மட காருக்கு வயிறு அழகா இரிக்கோணும்” என்று அப்பா பகிடி விடுவார்.

அந்த வயிறு ஒரு மாரி மழையில் கெட்டுப்போனது. ஆறு பெருகி வளவுக்குள் வந்து, காரின் கதவுமட்டத்துக்கு ஒன்பது நாள் நின்றது. உப்புத்தண்ணீர். வற்றிய பிறகு கார் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாரதி ஆசனத்துக்குக் கீழே அப்பா காலை ஊன்ற, பாதம் தகட்டைத் தாண்டி நிலத்தில் போய் நின்றது. கார் கொட்டிலுக்குள் போனது.

அது கொட்டிலில் கிடந்த நாட்களில்தான் அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றில் வந்தது. அத்தான் வேலைக்காகக் கட்டாரில். வலி வந்த நாள் வேறு ஊர் வான் ஒன்றைப் பிடித்தோம். சாவடியில் அந்த வானையும் தெரியாது, ஓட்டியவரையும் தெரியாது. எல்லாவற்றையும் இறக்கி, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு நின்றிருந்தது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஏலாது. பிள்ளையைப் பெற்ற பிறகு இன்னும் ஏலாது.

அடுத்த வருஷம் அத்தான் லீவில் வந்துபோக, அக்கா மறுபடி கர்ப்பமானாள். இந்தமுறை பிரஷர் வேறு. கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார், திகதிக்கு முந்தி வலி வந்தாலும் வீட்டில் வைத்திருந்து பார்க்கக்கூடாது, உடனே கொண்டுவர வேண்டும் என்று. அன்று பின்னேரம் அப்பா கொட்டில் கதவைத் திறந்தார்.

“இந்தமுற நம்மட கார்லதான் போற” என்றார். அவ்வளவுதான்.

வெல்டிங் வேலைக்கு சூசை அண்ணன் வந்தார். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். கையைவிட வாய் கூடுதலாக ஓடும். அவரும் அப்பாவும் தென்னங்குற்றிகளின்மேல் காரை ஏற்றி, உக்கிய தகடுகளை வெட்டியெறிந்து, எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டில் புதுத் துண்டுகள் வெட்டி ஒட்டினார்கள். இரண்டு மாதம் எடுத்தது. இனி அந்தத் தகட்டுக்கு என்ன பூசுவது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியை என்னிடம் விட்டதுதான் பிழை.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். காரின் முன்தட்டுக்குள் பூச்சி அரித்த ஆங்கிலப் பராமரிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் அடிப்பக்கத்துக்கென்று மூன்று பக்கம். குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்பு அடித்தகட்டை அரிக்கும், ஆகவே தடித்த கறுப்புப் பூச்சை விரல் மொத்தத்துக்குப் பூசி எல்லா இடத்தையும் மூடிவிடுங்கள் என்று எழுதியிருந்தது. உப்பு என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் ஊரைப்பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷத்தில் எனக்குப் புளுகம் பிடித்துவிட்டது.

“என்னத்துக்குப் புள்ள அவ்வளவு பாடு? தார அடிச்சுவிட்டாக் காணும். ரோட்டே தார்லதான் கிடக்கு. அதுக்கு மேல ஓடுற காருக்கு என்ன குறை?” என்றார் சூசை அண்ணன்.

“முதல் ரெட் ஒக்சைட், அதுக்கு மேல பெயின்ற். அது போதும்” என்றார் அப்பா.

“பெயின்ற் கல்லுப்பட்டா உதிரும் அப்பா. தார் வெயிலுக்கு இளகும். புத்தகத்தில வடிவாப் போட்டிரிக்கு” என்றேன். நான் எதையும் இப்படி அடித்துச் சொல்வதில்லை. அதனாலேயே அப்பா நம்பிவிட்டார்.

“உயர்தரம் எழுதின ஆள் சொல்லுது. கேப்பம் சூசை.”

கொழும்புக்குப் போய்வரும் லொறி ஒன்றில் சொல்லிவிட்டு அந்தக் கறுப்புப் பூச்சில் இரண்டு தகரம் எடுப்பித்தோம். பூசி முடித்த நாள் நான் நிலத்தில் படுத்துப் பார்த்தேன். ஒரு வெல்டிங் தழும்பும் தெரியவில்லை. எருமைத்தோல் மாதிரி ஒரே கறுப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அடுத்த கிளினிக் நாள் அக்காவை ஏற்றிக்கொண்டு போனோம். எட்டாம் மாதம். பின் ஆசனத்தில் அவளும் அம்மாவும், முன்னால் நானும் அப்பாவும். சாவடியில் இறங்கினோம். மெலிந்த ஆமிக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தள்ளினார். பாதியில் நிறுத்தினார். திரும்ப இழுத்து மறுபடி தள்ளினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

“இது என்ன? முந்தி இல்ல. இப்ப கறுப்பு. ஏன் கறுப்பு?”

“துருவுக்கு ஐயா. இரும்பு உக்கும்.”

“கறுப்புக்கு உள்ள என்ன?”

“உள்ளுக்கு இரும்புதான் ஐயா.”

“இரும்பு எண்டா ஏன் மூடுறது?”

அப்பா என் பக்கம் திரும்பினார். ஆங்கிலம் வாசித்த நான் குனிந்து காரின் அடியைப் பார்த்தேன். உள்ளே எதையாவது வைத்து ஒட்டியவர்கள் அதை மறைக்கத்தான் இப்படித் தடிப்பாகப் பூசுவார்கள் என்று ஆமிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. அவர்கள் நிலையில் நின்றிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். எனக்குத்தான் எல்லாவற்றிலும் சந்தேகமாயிற்றே. பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நீண்ட திருப்புளியால் கறுப்பைச் சுரண்டினார்கள். கீழே புது வெல்டிங் தெரிந்தது. அதோடு கதை முடிந்தது. எல்லா இடமும் குத்தினார்கள், ஆசனங்களைக் கழற்றினார்கள்.

அக்கா வேப்பமர நிழலில் கால் நீட்டி இருந்தாள். காலிரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக நின்றேன். “எனக்கு ஒண்டுமில்லகா, நீ சும்மா நில்லு. உன்னப் பாக்கத்தான் எனக்கு பிரஷர் ஏறுது” என்றாள். மூன்று மணித்தியாலம் போனது. கடைசியில் அந்த மெலிந்தவர் வந்து, “எல்லாம் சுரண்டு. சுரண்டிப்போட்டு வா” என்று காரைத் திருப்பி அனுப்பினார். கிளினிக் அதற்குள் முடிந்திருக்கும்.

திரும்பும்போது பாதி வழியில் அக்கா சொன்னாள்: “என்ர வயித்தையும் சுரண்டிப்போட்டு வரச் சொல்லல்ல. அதுமட்டும் புண்ணியம்.” அம்மா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அம்மாவே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “எல்லாம் என்னாலதான் அப்பா” என்றேன். யாராவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உன்னால இல்ல மகள். அந்தப் புத்தகம் எழுதின மனிசனுக்கு சென்றி தெரியா” என்றார் அப்பா. சாவடியை எங்கள் ஊரில் சென்றி என்றுதான் சொல்வது. “அவன்ட ஊர்ல காருக்கு அடியப் பாக்கிறது உப்பு மட்டும்தான். மறுகா செய்வம்.”

மறுகா என்றால் திரும்பவும். அந்தச் சொல்லை அப்பா சொன்ன விதத்தில் அழுவதற்கு இடமே இருக்கவில்லை. திகதிக்கு நான்கு கிழமை இருந்தது. அடுத்த கிழமை அக்காவை பஸ்ஸில் கிளினிக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் கூடித்தான் இருந்தது.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துச் சுரண்டினால் அந்தக் கறுப்பு நகக்கண் நகக்கண்ணாகத்தான் வரும். அப்பா ஒரு பக்கம், சூசை அண்ணன் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நடுவில், பாயை விரித்து மல்லாந்து கிடந்து. மேலேயிருந்து விழுகிறதெல்லாம் முகத்தில். எட்டு நாள். அந்த நாட்களில் என் தலைமயிரில் ஒட்டியது தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை. வகுப்பில் ஒரு சின்னப் பெட்டை எழும்பி, “ரீச்சர், உங்கட காதுக்குள்ள ரோட்டு இரிக்கு” என்றாள். முழு வகுப்பும் சிரித்தது. நானும்தான். அந்தக் கிழமையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

தகடு மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் பழைய கேள்வியும் வந்தது. இம்முறை கேள்வி மாறியிருந்தது. துருவைத் தடுக்கவேண்டும், அதே நேரம் எதையும் மறைக்கக்கூடாது. ஒவ்வொரு வெல்டிங் தழும்பும் கண்ணாடியில் தெரியவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் பூச்சைப்பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ரெட் ஒக்சைட்டும் அதன்மேல் வெளிர் சாம்பல் பெயின்ற்றும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். சாம்பலில் எல்லாம் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பெயின்ற் மட்டும் இரண்டு மாரிக்குத் தாங்காது. அதற்குமேல் என்ன? பாவித்த எஞ்சின் ஒயில் பூசலாம், செலவில்லை என்று அப்பாவே சொல்லி அப்பாவே வேண்டாமென்றார்; அதில் தூசி ஒட்டி மூன்று நாளில் மறுபடி கறுப்பாகிவிடும். சூசை அண்ணன் ஒரு போத்தலோடு வந்தார். தோணிகளுக்குப் பூசும் சுறா எண்ணெய். “கண்ணாடி மாதிரித் தெரியும். உப்பு கிட்டவும் வராது” என்று மூடியைத் திறந்தார். வீட்டுக்குள் இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

“ஆமியும் கிட்ட வரமாட்டான்” என்றார் சூசை அண்ணன், போத்தலை மூடாமலே.

“புள்ளப்பெறுகாரியும் ஏறமாட்டாள். மூடு” என்றார் அப்பா.

மெழுகு எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால், அறிவால் அல்ல. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் தேவாலயம். முற்றத்தில், கடற்காற்றுக்கு நேரே, மெழுகுதிரி ஏற்றும் இரும்புத் தட்டு ஒன்று நின்றது. அந்த வருஷங்களில் அதில் எப்போதும் நெருக்கமாகத் திரிகள் எரியும். வீடு திரும்பாத பிள்ளைகளுக்காகத் தாய்மார் ஏற்றுவது. வேற்றூர்களில் இருந்தும் வருவார்கள். எங்கள் சைவ ஆட்களும் ஏற்றுவார்கள். மறுநாள் காலை அந்தத் தட்டின் கால்களைப் பார்த்தேன். துரு தின்று, கரும்பின் சக்கை மாதிரி இருந்தன. தட்டு மட்டும் அப்படியே இருந்தது. மெழுகு வழிந்து மூடிய இடத்தை நகத்தால் கீறினேன். கீழே இரும்பு புதுசு. கொல்லன் அடித்த சுத்தியல் அடிகூட மெழுகுக்கூடாகத் தெரிந்தது.

அன்று வகுப்புக்குப் பிந்திப் போனேன். ஆசிரியையாக இருந்த காலத்தில் அது ஒருமுறைதான்.

தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிற மரியம்மாக்காவிடம் எரிந்து மிஞ்சிய கட்டை மெழுகு தருவீர்களா என்று கேட்டேன். “எடுத்துப் போ கா! இதச் சுரண்டிச் சுரண்டி என்ர நாரி முறியுது. எத்தின சாக்கு வேணும்?” என்றார், இடுப்பைப் பிடித்தபடி.

நான் நம்பிவிடவில்லை. ஒருமுறை நம்பிப் பட்டது போதும். மூன்றாம் வகுப்பில் அவரை விதை முளைக்கவைத்துக் காட்டிய வாளியில் உப்புத்தண்ணீர் நிரப்பி, மூன்று தகரத் துண்டுகளைப் போட்டேன். ஒன்றில் வெறும் பெயின்ற். ஒன்றில் அதன்மேல் தனி மெழுகு. ஒன்றில் மெழுகோடு கொஞ்சம் புது எஞ்சின் ஒயில் கலந்து. வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, ஐந்து நாள் காலையும் மாலையும் பார்த்தேன். கலைப்பிரிவில் படித்த எனக்கு அது விஞ்ஞானமா விளையாட்டா என்று தெரியாது. தனி மெழுகு வெடித்தது. வெடிப்புக்குள்ளால் துரு நூல்போல ஓடியிருந்தது. ஒயில் கலந்தது மெத்தென்று அப்படியே இருந்தது. அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாதான் தயங்கினாள். “சாமிக்கு ஏத்தினத காருட அடியில பூசுறதா? அதுக்கு மேல கால வெச்சு மிதிக்கிறதா? ஏற்கெனவே ஒரு புள்ளையக் குடுத்திட்டம்.” அமிர்தகழி மாமாங்கக் கோயிலுக்கு அவள் வைத்திருந்த நேர்த்திக்கடனுக்கு இதனால் ஏதும் குறை வந்துவிடுமோ என்றும் பயம். எனக்கும் அந்தப் பயம் உடனே தொற்றிக்கொண்டது. அம்மாவை மரியம்மாக்காவிடம் கூட்டிப்போனேன்.

மரியம்மாக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: “கொளுத்தின ஆக்கள்ற நேர்த்தி மேல போயிட்டு. இஞ்ச மிஞ்சிறது எனக்கு நாரி நோவு. உங்கட புள்ளைக்கு உதவுமெண்டா அந்தத் தாய்மார் வேணாமெண்டா சொல்லப்போறாளுகள்?”

அம்மா சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்கிவந்தோம்.

கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து மெழுகை உருக்கி, திரிகளை வடித்தெடுத்து, பிறகு அடுப்பில் இருந்து தள்ளிக் கொண்டுபோய்த்தான், பூச இளகலாக இருக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெயும், ஒயிலும் கலக்கவேண்டும். நெருப்புக்குப் பயத்தில் நான் நாற்பது அடி அளந்து கோடு கீறினேன். “ஆத்துக்கு அங்கால கொண்டுபோய்க் கலப்பமா?” என்று கேட்டார் சூசை அண்ணன். சூடு ஆறினால் கலவை இறுகிவிடும், ஓடிவந்து பூசவேண்டும். தூரிகையில் இருந்து சொட்டியது அப்பாவின் நெற்றியில், தாடியில், கண்ணிமையில் விழுந்து உறைந்தது. இரண்டு நாள், இரண்டு தடவை. மூன்றாம் நாள் அப்பா தனியே படுத்து இன்னும் என்னவோ பூசிக்கொண்டிருந்தார். இவ்வளவு பூசினது காணும் அப்பா என்றேன். “நீ போ” என்றார்.

பூசி முடித்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். அதற்கு எனக்குத் துணிவு வந்திருக்காது. ஆட்களை ஏற்றாமல், வலி வரும்வரை காத்திராமல், காரைத் தானே சாவடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். துணைக்கு நான். அந்த மெலிந்த ஆமிக்காரர்தான் நின்றார்.

“ஐயா, சுரண்டிட்டன். வடிவாப் பாருங்கோ. என்ர மகளுக்குப் புள்ள கிடைக்கப்போற. அண்டைக்கு நான் கெதியாப் போகோணும்.”

அவர் கண்ணாடியைத் தள்ளினார். பிறகு குந்தியிருந்தே பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு ஒட்டும் தையல் மாதிரித் தெரிந்தது. விரலால் தொட்டு மணந்தார். முகம் மாறியது.

“பள்ளியில பத்துறது?” என்று, திரி ஏற்றுவதுபோல் கையைக் காட்டினார். தேவாலயத்தைத்தான் பள்ளி என்றார்.

“ஓம் ஐயா. மெழுகுதிரி.”

அவர் விரலை மறுபடி மணந்தார். “என்ட அம்மாவும் பத்துறது” என்றார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. எழும்பி, போ என்று கையைக் காட்டினார்.

திகதிக்கு ஆறு நாள் முந்தி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், அக்காவுக்கு வலி வந்தது. நான் வீட்டுக்கு வர அப்பா காரைத் தெருவில் நிறுத்திவிட்டார். எனக்கு இருந்த ஒரே வேலை மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வலிக்கும் வலிக்கும் இடைவெளியை எண்ணுவது. ஒவ்வொரு தடவையும் பிழையாக எண்ணிவிட்டேனோ என்று தோன்றியது. முதல் சாவடியில் முகத்தைப் பார்த்தே விட்டார்கள். அந்த மெலிந்தவர் நிற்கும் பெரிய சாவடிக்கு வந்தபோது நின்றவர் வேறு ஆள். புது ஆள்.

“இறங்கு.”

அக்கா இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி முழுக்க வியர்வை. “ஒண்டும் சொல்லாதே” என்று என் கையை இறுக்கினாள். கண்ணாடி அடியால் போனது. அப்பா காருக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தால் போனது, மறுபக்கத்தால் வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

“சரி. போ.”

அக்காவுக்கு அடுத்த வலி வருமுன்பே நாங்கள் உள்ளே ஏறிவிட்டோம்.

பிள்ளை அன்றே பிறந்தது. பெண். பிரஷர் கூடியதால் வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டொக்டர் சொன்னாராம். அதை அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து சூசை அண்ணனுக்குச் சொன்னார், அவர் எல்லோருக்கும் சொன்னார்.

சாவடிகள் இருந்தவரை அப்பா வருஷம் இரண்டுதரம் மெழுகு பூசினார். பிறகு சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. போனது நல்லது, அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எனக்கு இரண்டு மனம் இல்லாத விஷயங்கள் மிகக் குறைவு. ஆனால் கண்ணாடி பிடிக்கிறவர்கள் போனதும் நாங்களும் அடியைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். தெருவைக் கம்பளம்போலப் புதுசாக்கினார்கள். வான்களும் ஓட்டோக்களும் வந்தன; ஏ ஃபோர்ட்டிக்கு ஓட்டம் இல்லை. அப்பாவின் முழங்கால் மடங்க மறுத்தது. மரியம்மாக்கா காலமானார். சூசை அண்ணன் வவுனியாவில் மகனோடு. உப்பு மட்டும் தன் வேலையை விடவில்லை.

போன வருஷம் பழைய இரும்பு எடுப்பவர்களுக்குக் காரைக் கொடுத்தோம். பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிட்டார்களா என்று மூன்று தரம் கேட்டேன். கழற்றியதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அப்பா வெளியே வரவில்லை. ஐந்து பேர் சேர்ந்து காரை ஒரு பக்கமாகச் சரித்தார்கள். மல்லாந்து கிடந்து துண்டு துண்டாகவே பார்த்த அடிவயிறு முழுசாக, பகல் வெளிச்சத்தில், ஒரே பார்வையில் தெரிந்தது அன்றைக்குத்தான். எல்லாம் துரு. முன்பக்கம் சல்லடை.

அக்காவின் மகள் என் பக்கத்தில் நின்றாள். பதின்மூன்று வயது, என்னைவிட உயரம். கிட்டப்போய் விரலால் தொட்டாள்.

“இதென்ன சித்தி, இந்த இடத்தில மட்டும் துருவே இல்ல? இவ்வளவு மெழுகு?”

பின் ஆசனத்தில் அன்று அக்கா இருந்த பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு ஆள் இருக்கிற அகலத்துக்கு, சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அதன்மேல் மெழுகு, விரல் மொத்தத்துக்கு. அந்த இடத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. சக்கரம் எறியும் கல்லும் சேறும் அங்கே வராது. எந்தப் புத்தகமும் அங்கே அப்படிப் பூசச் சொல்லாது. மூன்றாம் நாள் அப்பா தனியே படுத்துக் கிடந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அது நீ இருந்த இடம்” என்றேன்.

“நான் எப்ப இதில இருந்த?” என்று சிரித்தாள்.

நான் சொல்வதற்குள் வெட்டுகிறவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நெருப்பை அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். மெழுகு உருகி ஓடியது. ஒரு கணம் வளவு முழுக்க, ஒரே நேரத்தில் அணைந்த பல திரிகளின் மணம் வந்தது. கடற்காற்று அடித்தது. பிறகு வெறும் இரும்பு வெட்டும் மணம்தான்.